தட்டில் செத்த கிருமி

இறால் பண்ணைக்காரரின் முகத்தைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கடைத்தெருவில் எதிரே வருகிறார் என்றால் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிடுவேன். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எப்போதும் சிரித்த முகம். மழைக்காலம் வந்தால் பண்ணை ஆட்களுக்கு ரப்பர் செருப்பு வாங்கித் தருவார். கத்துகிற முதலாளியாக இருந்தால் நாமும் நாலு வார்த்தை திருப்பிக் கத்தலாம். சிரிக்கிற ஆளை என்ன செய்வது? அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் துணி தைக்கிறவள். பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் இருப்பவளை ஊரே சேத்தக்கா என்றுதான் கூப்பிடும். கடலோரத்தில் இருக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை. கடல் வற்றுகிற நேரம் பார்த்து, முட்டிவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கழிமுகத்துச் சேற்றில் இறங்கி, சின்னச் சின்னக் குப்பிகளில் சேறு எடுத்து வருவாள். படித்து, பட்டம் வாங்கி, பரிசெல்லாம் வாங்கி, கடைசியில் சேறு அள்ளுகிறீர்களே என்று நாங்கள் கிண்டல் செய்வோம். இன்றைக்கு எத்தனை கிலோ என்று கேட்டால், உனக்குப் பாயசத்துக்கு வேண்டுமா என்று அவளும் விடமாட்டாள்.

அந்தச் சேற்றைக் கடல் தண்ணீரில் கரைத்து, மறுபடி கரைத்து, ஒரு சொட்டை எடுத்து ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டில் தடவி வைப்பார்களாம். சில நாளில் அதன்மேல் புள்ளி புள்ளியாகக் கிருமிகள் முளைக்கும். மஞ்சள், காவி, ரோஜா நிறம் என்று விதவிதமாக. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து வளர்த்து, மனிதரின் புண்ணில் வருகிற கிருமியைப் பரப்பிய இன்னொரு தட்டின் நடுவில் வைப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எப்போதாவது ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாக வெறும் இடம் தெரியும். அந்த வட்டத்துக்குள் வந்த புண் கிருமி செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு வட்டம் வந்த நாளில் சேத்தக்கா அதைச் செல்போனில் படம் எடுத்து வந்து எனக்குக் காட்டுவாள். பேரன் படத்தைக்கூட யாரும் அப்படிக் காட்ட மாட்டார்கள்.

சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்தால் அதற்குள் கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது, எல்லாம் இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன, ஒன்றை ஒன்று ஒழிக்க விஷம் கக்குகின்றன, அந்த விஷத்தில்தான் நமக்கு மருந்து இருக்கிறது என்பாள். அப்படியென்றால் என் மாமியார் வீடுதான் என்று நான் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். "கிண்டல் பண்ணாதடி. இந்த ஊர் சேத்துலதான் மருந்து இருக்கு, நீ பாரு" என்று அந்தச் சிரிப்போடேயே சொல்வாள். வாசலில், மாடிப்படியில், சோறு போடும்போது என்று அந்த வார்த்தையை எத்தனையோ முறை சொல்லியிருப்பாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவள் தம்பி பெண்டாட்டியும் ஒருத்தி.

தம்பியும் அவன் பெண்டாட்டியும் அதே வீட்டின் முன்னறையில் இருந்தார்கள். அவளை நான் சின்னவள் என்பேன். பேச்சு குறைவு, வேலை மட்டும் பறக்கும். தம்பி அதற்கு நேர்மாறு, வாய் ஓயாது. கிழக்கே இருக்கும் இறால் பண்ணையில் அவனுக்கு வேலை. குளத்துக்குத் தண்ணீர் விடுவது, மதகைத் திறந்து மூடுவது, தீனி போடுவது. இறால் சாகத் தொடங்கினால் மருந்துப் பொடி மூட்டையைப் பிரித்துக் குளம் பூராவும் வெறுங்கையால் வீசுவது. நோய் வராதபோதும், வந்துவிடுமோ என்று வீசுவார்களாம். மனிதருக்கு ஊசியில் ஏற்றுகிற மருந்தின் கூடப்பிறந்ததுதான் அந்தப் பொடி என்று சேத்தக்கா தலையில் அடித்துக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்தால் அதற்குச் சாகிற கிருமி செத்துவிடும், சாகாத கிருமி மட்டும் பிள்ளை பெற்றுக் குளத்தை நிரப்பும், மதகைத் திறந்தால் அதுதான் கழிமுகத்துக்கு வரும். இதைச் சொல்லி அக்காவும் தம்பியும் சண்டை போடாத வாரம் கிடையாது. "இதெல்லாம் பேசுற, இறால் வறுத்து வெச்சா மட்டும் கேள்வி கேக்காம சாப்பிடுறியேக்கா" என்பான் அவன். அத்தோடு சண்டை சிரிப்பில் முடிந்துவிடும்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. குளம் நிரம்பி வழிகிறது என்று தம்பி மதகுக்குள் இறங்கியபோது, பலகையில் ஒட்டியிருந்த சிப்பி அவன் கெண்டைக்காலை நீளவாக்கில் கிழித்துவிட்டது. அது இறால் பிடிக்கிற சமயம். ஆள் பற்றாது. பண்ணைக்காரர் வந்து பார்த்து, அடடா என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையைத் தன் கையாலேயே அவன் காலில் சுற்றிக் கட்டிவிட்டாராம். நனையாது, போய் வேலையைப் பாருப்பா என்றாராம். முதலாளியே குனிந்து கட்டிவிட்டார் என்று தம்பிக்கு ஒரே பெருமை. பிடிப்பு முடிகிறவரை அந்தப் பையோடு குளத்துத் தண்ணீரில் நின்றிருக்கிறான். பைக்குள் தண்ணீர் போனது போனதுதான், வெளியே வர வழியில்லை. கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் தைத்துக்கொண்டிருந்த துணியைத் தாறுமாறாக ஓட்டிவிட்டேன்.

கால் வீங்கியது. மருந்துக்கடை மாத்திரைக்குக் கேட்கவில்லை. முன்னறையில் ஒரு வாடை வரத் தொடங்கியது. சின்னவள் தரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், வாடை தரையில் இருந்து வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சீழை எடுத்துச் சோதித்த டாக்டர், வழக்கமான மருந்து எதற்கும் இந்தக் கிருமி அசையவில்லை, தினமும் வந்து கட்டு மாற்றிக்கொண்டு போங்கள், வேறு மருந்து போட்டுப் பார்க்கிறேன் என்றார். தினமும் ஆட்டோ. தினமும் அவனைத் தூக்கி ஏற்றுவதும் இறக்குவதும். மழைக்கு எதுவும் காயாது. படுக்கை விரிப்பைச் சின்னவள் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காயவைத்தாள். வாய் ஓயாத தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

சேத்தக்கா சும்மா இருப்பாளா? ஆஸ்பத்திரி சோதனைக் கூடத்தில் முறைப்படி கேட்டு, தம்பி புண்ணின் கிருமியைத் தன் கூடத்துக்கு வாங்கிப்போனாள். கழிமுகச் சேற்றிலிருந்து பிரித்து வைத்திருந்தவற்றை எல்லாம் அதோடு மோதவிட்டாள். அதில் ஒன்று, ஒரு காவி நிறப் புள்ளி, தன்னைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டுவிட்டது. அன்றைக்கு அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டாள். படத்தையும் காட்டிவிட்டாள். எத்தனை வருஷமாகச் சேற்றில் நின்றவள், சொல்லாமல் இருக்க முடியுமா? ஆனால் அதைக் கேட்டது நான் மட்டும் இல்லை. புருஷனைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கன்றிப்போன ஒருத்தியும் கேட்டாள்.

மறுநாள் அடுப்படியில் பேச்சு வந்தது. கிழிந்த தலையணை உறையைத் தைத்துக் கொடுக்கப் போயிருந்த நானும் அங்கேதான் நின்றேன். சின்னவள் அரிசி களைந்த கையைத் துடைக்காமலே வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த சேத்தக்கா முன்னால் நின்றாள்.

"அண்ணி, அந்த மருந்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. நானே போட்டுவிடுறேன்."

"அது மருந்து இல்லம்மா."

"கிருமி செத்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. படம் காட்டினீங்களே."

"தட்டுல செத்துச்சு. உடம்பு தட்டு இல்லடி. அதுல இருந்து வர்ற சாறை ரத்தத்துல விட்டுப் பார்த்தோம். சிவப்பு அணுவெல்லாம் உடைஞ்சு போச்சு. அது கிருமின்னும் பார்க்கல, மனுஷன்னும் பார்க்கல. நல்லதை மட்டும் பிரிச்சு எடுக்கணும், அதை எலிக்குக் குடுத்துப் பார்க்கணும், அதுக்கே வருஷக்கணக்கா ஆகும்."

"வருஷக்கணக்கா அவர் காலு இருக்குமா அண்ணி?"

சேத்தக்காவின் புருஷன் பஸ் டெப்போவில் மெக்கானிக். வீட்டில் எந்தப் பேச்சிலும் குறுக்கே வராதவர். அவரே அன்றைக்கு, துளியூண்டு தடவிப் பார்த்தால்தான் என்ன என்று கேட்டுவிட்டார். சேத்தக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. டாக்டரிடம் இன்னும் ஒரு மருந்து இருக்கிறது, அதை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார், அதற்குள் என் தம்பி உடம்பில் நானே விஷத்தை ஊற்றவா என்று சத்தம் போட்டாள். சின்னவள் மறுபடி மறுபடி கேட்டாள். காலில் விழாத குறை. கடைசியில், உங்களுக்கு வேலைதான் பெரிசு, தம்பி பெரிசில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாள். வாய் பேசாத பெண் பேசினால் அப்படித்தான், எங்கே படக்கூடாதோ அங்கே படும். சேத்தக்கா தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கடைசி மருந்தும் கேட்கவில்லை. டாக்டர் சேத்தக்காவைத் தனியே கூப்பிட்டு, முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான், தள்ளிப்போட்டால் மேலே ஏறும், வீட்டில் பக்குவமாகச் சொல்லிக் கூட்டி வாருங்கள் என்றாராம். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பண்ணைக்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். அவளுக்கு அவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எப்படிச் சொல்வேன், எந்த வாயால் சொல்வேன் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்லுங்கள் என்றேன். நாளைக்கு என்றுதான் அவளும் சொன்னாள்.

அந்த நாளைக்குள் சின்னவள் ஒரு காரியம் செய்துவிட்டாள். கடல் வற்றும் நேரத்தை சேத்தக்கா சுவரில் ஒட்டி வைத்திருப்பாள், அதைப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு வாளியோடு கழிமுகத்துக்குப் போய், அண்ணி எந்த இடத்தில் இறங்குவாளோ அதே இடத்தில் முழங்கால் புதைய இறங்கி, சேறு அள்ளி வந்து, கட்டைப் பிரித்து, புண்மேல் அப்பி, திரும்பவும் பதமாகக் கட்டிவிட்டாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள். அவன் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தான். இந்தச் சேற்றில்தான் மருந்து இருக்கிறது என்று எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறாள். மருந்தைத் தரமாட்டேன் என்றால் சேற்றையாவது எடுத்துக்கொள்வோம் என்று நினைத்திருக்கிறாள். வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

காலையில் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸ் போட்ட சத்தத்தில் வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். டாக்டர் வந்து அவர் பங்குக்குக் கத்தினார். யார் செய்தது என்று கேட்டதும் சின்னவள், நான்தான் என்றாள். அண்ணி சொன்ன சேறுதான் என்றாள். சேத்தக்கா அவளை இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "என் தம்பியக் கொன்னுட்டியேடி" என்று அலறினாள். அத்தனை பேர் முன்னால். நானும் கூட நின்றேன்.

அன்று மத்தியானமே காலை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. தெரு முழுக்க ஒரே பேச்சு. சேற்றை வைத்துப் புருஷன் காலை வாங்கிவிட்டாள். ரொட்டிக் கடையில் சொன்னார்கள், பஸ் நிறுத்தத்தில் சொன்னார்கள், என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள் அளவு சொல்வதற்கு முன்னால் அதைச் சொன்னாள். வேறு கடை பார்த்துக்கொள் என்று அவள் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் அதைவிட மோசம். சின்னவள் கஞ்சி கொண்டுபோய் வைத்தால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் வெளியே போனபிறகுதான் குடிப்பான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தான்தான் காலை எடுத்தோம் என்று அவளே நம்பிவிட்டாள். துணி துவைக்கும்போது கல்லோடு சேர்த்துத் தன் கையையும் அடித்துக்கொள்கிற மாதிரி அடிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது கேட்கும்.

சேத்தக்கா வாயே திறக்கவில்லை. கால் போகப்போகிறது என்பது சேறு வைப்பதற்கு முந்தின நாளே முடிவானது என்று தெரிந்தவள், அதைச் சொல்லாமல் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சேறுதான் காலை எடுத்தது என்றால், சாற்றைத் தரமாட்டேன் என்று அவள் சொன்னது நியாயம். பாருங்கள், தெரியாமல் வைத்தால் இப்படித்தான் என்று ஆகிவிடும். சேறு எடுக்கவில்லை, கால் எப்படியும் போகிற கால்தான் என்றால் அவளை நோக்கி வேறு கேள்வி வரும். படியில் அவளை மடக்கினேன். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்றேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பண்ணைக்காரர் வந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. கை நிறையப் பழம், முகம் நிறையச் சிரிப்பு. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். தம்பி எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான். சின்னவள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்து, கவலைப்படாதே, பண்ணை வாசலில் உட்கார்ந்தே பார்க்கிற காவல் வேலை இருக்கிறது, உனக்கில்லாமல் யாருக்கு என்றார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு எழுந்து போயிருந்தால் அவருக்கும் நல்லது. டீயை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"யாரைக் குத்தம் சொல்றது. சின்னப் பொண்ணு, அறியாமப் பண்ணிடுச்சு. சேத்தைப் போய் யாராவது புண்ணுல வைப்பாங்களா? இல்லேன்னா இவன் இந்நேரம் எழுந்து நடந்திருப்பான்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த சேத்தக்கா அப்படியே துணியோடு முன்னறைக்கு வந்தாள்.

"நடந்திருக்க மாட்டான். இவ சேறு வைக்கிறதுக்கு முந்தின நாளே டாக்டர் காலை எடுக்கணும்னு சொல்லிட்டாரு. என்கிட்டதான் சொன்னாரு. இருக்கிற மருந்து எதுக்கும் அந்தக் கிருமி சாகல. ஏன் சாகலன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க குளத்துல மூட்டை மூட்டையா போட்டுப் பழக்கிவிட்ட கிருமி அது. அதே தண்ணியில, கால்ல பையைக் கட்டி நிக்க வெச்சீங்களே, உங்க கையாலயே கட்டுனீங்களே, அது எடுத்துச்சு காலை. இவ இல்ல."

பண்ணைக்காரரின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. டீயை முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப ஆஸ்பத்திரியில இந்தப் பொண்ணைப் பிடிச்சு, கொன்னுட்டியேன்னு எதுக்கும்மா கத்துனீங்க? ஊரே கேட்டுச்சே."

"ஆத்திரத்துல கத்தினேன். தப்பு. என் வாய் தப்பு." சேத்தக்கா சின்னவள் பக்கம் திரும்பினாள். "உன்மேல எதுவும் இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சேதான் உன்னைத் திட்ட விட்டேன்."

சின்னவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை, இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாளோ. நான் உள்ளே போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். பண்ணைக்காரர், குடும்ப விஷயம், நான் எதுக்கு என்று எழுந்தார். பழத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சேத்தக்கா சொன்னாள். அவர் எடுக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது கூட என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார்.

சரி, நடக்க வேண்டியது நடந்துவிட்டது, இனி இந்த வீட்டில் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். சேத்தக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். தம்பி அருகே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்துகொண்டான்.

"அப்ப சேறு வைக்கிறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

"தெரியும்டா. உன்கிட்டச் சொல்ல வாய் வரல. பக்கத்து வீட்டுல போய்தான் சொன்னேன்."

"இவ அடுப்படியில உன்கிட்டக் கெஞ்சினாளே, எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. மாட்டேன்னு சொன்னே. அன்னைக்கு ஒரு மருந்து பாக்கி இருந்துச்சு, சரி. அதுவும் இல்லேன்னு தெரிஞ்ச அன்னைக்கு? எப்படியும் வெட்டப்போற காலு. அதுல தடவிப் பார்க்கிறதுக்கு என்னக்கா?"

"அது விஷம்டா. ரத்தத்துல கலந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"செத்திருப்பேன்."

"செத்திருப்பே."

"நிச்சயமா?"

சேத்தக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள். "நிச்சயம்னு சொல்ல முடியாது. யாரும் போட்டுப் பார்த்ததில்ல."

"அப்ப காலு பொழைச்சாலும் பொழைச்சிருக்கும்."

"ரொம்பக் கொஞ்சம்டா. நூத்துல ஒண்ணுகூட இல்ல."

"அந்த ஒண்ணு வேணுமா வேணாமான்னு யாரு சொல்லணும்?" அவன் குரலை உயர்த்தவில்லை. வாய் ஓயாதவன், இத்தனை நாள் சேர்த்து வைத்ததை நிதானமாகப் பேசினான். "டாக்டர் உன்கிட்டப் பேசினாரு. இவ உன்கிட்டக் கேட்டா. மாமா உன்கிட்டக் கேட்டாரு. இவளும் சேத்தை வெச்சா, நான் மயக்கத்துல கெடக்கிறப்ப. நீ பக்கத்து வீட்டுல போய்ச் சொன்னே. எல்லாரும் என் காலைப் பத்தித்தான் பேசினீங்க. நான் இந்தா, இந்தக் கட்டில்லயேதான் கெடந்தேன். வேணாம்னுதான் நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. வெட்டிடுங்கன்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டியாக்கா?"

சின்னவளின் அழுகை நின்றுவிட்டது. என் கை அவள் முதுகிலேயே இருந்தது. சேத்தக்கா என்னைப் பார்த்தாள். பண்ணைக்காரரை இழுத்துத் திட்டிய அத்தனை வார்த்தையும் தெரிந்தவள், ஒரு வார்த்தைக்கு அல்லாடினாள்.

"கேக்கலடா" என்றாள்.